பொது இடம் என்ற சொல்லுக்கு வயது நூறு
(இரட்டைமலை சீனிவாசன் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நடைபாதை, பூங்கா, விளையாட்டுத் திடல் ஆகியவற்றைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னபோது அமைப்பாளர்கள் சற்றுத் தயங்கினார்கள். இலக்கிய அமைப்பின் நினைவுச் சொற்பொழிவுக்கு இது பொருந்துமா என்ற தயக்கம். யாருடைய நினைவில் கூடியிருக்கிறோம் என்பதை எண்ணிப் பார்த்தால் அந்தத் தயக்கம் தேவையில்லை என்று அவர்களிடம் சொன்னேன். இரட்டைமலை சீனிவாசனை 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கியவராக நினைவில் வைத்திருக்கிறோம். அம்பேத்கரோடு வட்டமேசை மாநாட்டுக்குச் சென்றவராகவும் நினைவில் வைத்திருக்கிறோம். சென்னை சட்டசபையில் அவர் தெருவைப் பற்றிக் கொண்டுவந்த தீர்மானத்தை அந்த அளவுக்கு நாம் பேசுவதில்லை. என் உரை அந்தத் தீர்மானத்திலிருந்துதான் தொடங்குகிறது.

சீனிவாசன் 1923இல் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். மறு ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஒரு தீர்மானத்தை முன்மொழிந்தார். அதில் இரண்டு பகுதிகள் இருந்தன. எந்த வகுப்பைச் சேர்ந்த எவரும் எந்த நகரத்திலும் கிராமத்திலும் உள்ள பொதுச்சாலை, தெரு, பாதை வழியாக நடந்து செல்வதற்குத் தடையில்லை என்பது முதல் பகுதி. அரசு அலுவலகங்கள், கிணறுகள், குளங்கள், பொதுமக்கள் கூடும் இடங்கள், பொதுக் காரியங்கள் நடக்கும் கட்டடங்கள் ஆகியவற்றில் சாதி இந்துக்களுக்கு உள்ள அதே அளவிலும் அதே முறையிலும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கும் இடமுண்டு என்பது இரண்டாவது பகுதி. தீர்மானம் நிறைவேறியது. செப்டம்பரில் அரசாணையாகவும் வந்தது.

இந்தத் தீர்மானத்தைத் தீண்டாமை ஒழிப்பு வரலாற்றின் ஒரு படியாகவே வாசித்து வருகிறோம். அது சரிதான், ஆனால் போதாது. இதை ஒரு நகர அமைப்பு ஆவணமாகவும் வாசிக்கலாம் என்பது என் கருத்து. நகரத்தை வடிவமைப்பவர் கையில் எடுக்கும் பொருள்கள் எவை? தெரு, பாதை, நீர்நிலை, அலுவலகம், மக்கள் கூடும் திடல். சீனிவாசன் வரிசைப்படுத்தியவையும் அவையேதான். அவற்றை யார் பயன்படுத்தலாம், எந்த அளவுக்கு, எந்த முறையில் என்ற கேள்வியை அவர் எழுப்பினார். ‘அதே அளவிலும் அதே முறையிலும்’ என்ற சொற்களைக் கவனியுங்கள். உள்ளே விடுவதோடு முடிந்துபோகிற அனுமதியை அவர் கேட்கவில்லை.

அதற்கு முன்பு ‘பொது’ என்ற சொல் தமிழில் இல்லாமல் இல்லை. ஊர்ப்பொது இருந்தது, பொதுக்கிணறு இருந்தது. அந்தப் பொது ஊருக்குப் பொது, சேரிக்கு அல்ல. எல்லோரையும் உள்ளடக்கும் பொது என்ற பொருள் இந்த மாகாணத்தின் அரசு ஏட்டில் ஏறியது 1924இல்தான் என்று சொல்ல இடமுண்டு. மீறுவோருக்குத் தண்டனை எதையும் அந்தத் தீர்மானம் வகுக்கவில்லை. அதனால் கிராமங்களில் அது பெரும்பாலும் காகிதமாகவே கிடந்தது. ஆனாலும் அது தனித்து நின்ற ஒன்றல்ல. 1923இல் பம்பாய் சட்டசபையில் எஸ்.கே. போலே ஏறத்தாழ இதே பொருளில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். 1927இல் அம்பேத்கர் மகாடில் குளத்தை நோக்கி நடந்தபோது அந்தத் தீர்மானம்தான் அவருக்குப் பின்னணியாக இருந்தது. வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்கான போராட்டம் நடந்ததும் இதே 1924இல்தான். கடைகள், கிணறுகள், குளங்கள், சாலைகள், மக்கள் கூடும் இடங்கள் என்று அரசமைப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு அடுக்குகிற பட்டியல் இந்தப் போராட்டங்களின் வழியே வந்து சேர்ந்த பட்டியல்.

இந்த நூறாண்டுகளில் சென்னை அந்தப் பட்டியலை என்ன செய்தது என்பதே இன்று நான் பேச விரும்புவது. ‘நீ இங்கே நடக்கக் கூடாது’ என்று இந்த நகரத்தில் இன்று யாரும் பலகை வைப்பதில்லை. அந்தப் பலகை செய்த வேலையைத் தூரமும் அழகும் கட்டணமும் செய்கின்றன.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1639இல் ஆங்கிலேயர் கோட்டைக்கு இடம்பிடித்த நாளிலிருந்தே சென்னை பிரித்துக் கட்டப்பட்ட நகரம். வெள்ளையர் பட்டணம், கறுப்பர் பட்டணம் என்ற பிரிவைப் பள்ளிப் பாடங்களே சொல்லிவிடுகின்றன. பதினெட்டாம் நூற்றாண்டு வரைபடங்களில் மூன்றாவதாக இன்னொன்றும் இருக்கிறது. கறுப்பர் பட்டணத்துக்கும் வெளியே ‘பறைச்சேரி’ என்று குறிக்கப்பட்ட இடம். நிறத்தால் பிரித்தவன் வெள்ளைக்காரன். கறுப்பர்களுக்குள் பிரித்தது யார் என்ற கேள்வியை நகர வரலாறு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் எழுப்புவதில்லை.

இந்த நகரத்தின் முதல் பெரிய திறந்தவெளி எப்படி உண்டானது என்பதும் சுவாரஸ்யமானது. பிரெஞ்சுக்காரர்கள் 1758-59இல் கோட்டையை முற்றுகையிட்டுப் போன பிறகு, கோட்டையை ஒட்டியிருந்த பழைய கறுப்பர் பட்டணம் இடிக்கப்பட்டது. பீரங்கி சுடுவதற்குப் பார்வை மறைக்காத வெட்டவெளி தேவைப்பட்டது. அந்த வெளியில் யாரும் வீடு கட்டிவிடக் கூடாது என்று 1773இல் எல்லைத் தூண்கள் நட்டார்கள். ஆறில் ஒன்று இன்னும் பாரிமுனையில் நிற்கிறது. அதே வெளியின் ஒரு பகுதியில்தான் 1892இல் உயர் நீதிமன்றம் எழுந்தது. குடியிருப்பை இடித்துத் திறந்தவெளி உண்டாக்குவது இந்த நகரத்துக்குப் புதிய பழக்கமல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

1859இல் ஆளுநர் டிரெவெலியன் சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டிய பகுதியில் மக்கள் பூங்காவை அமைத்தார். 116 ஏக்கர். குளங்கள், மரங்கள், விலங்குக் காட்சி சாலை, வாத்திய மேடை எல்லாம் இருந்தன. ‘மக்கள்’ என்பது அதன் பெயரிலேயே இருந்தது. அந்தப் பூங்கா இன்று எங்கே என்று தேடிப் பாருங்கள். விக்டோரியா மண்டபம் அதன் மீது நிற்கிறது. 1900இல் மூர் மார்க்கெட் வந்தது, 1913இல் ரிப்பன் கட்டடம் வந்தது, பிறகு நேரு விளையாட்டரங்கம். 1985இல் மூர் மார்க்கெட் எரிந்துபோக, அந்த இடத்தில் புறநகர் ரயில் நிலையம் வந்தது. பழைய புத்தக வியாபாரிகள் அல்லிக்குளத்துக்குப் போனார்கள். அந்த அல்லிக்குளமும் பூங்காவின் குளங்களில் ஒன்றுதான். விலங்குகள் வண்டலூருக்குப் போயின. பொதுநிலத்தை ஆக்கிரமிப்பவர்கள் குடிசைவாசிகள் என்ற பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு இந்த 116 ஏக்கர் நினைவுக்கு வரும். அதைத் தின்று தீர்த்ததில் குடிசைகளுக்குப் பங்கில்லை.

1921க்கு வருவோம். சீனிவாசனின் தீர்மானத்துக்கு மூன்று ஆண்டுகள் முன்பு. பெரம்பூர் பக்கிங்காம் கர்நாடிக் ஆலையில் வேலைநிறுத்தம் நடந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பலர் அதில் சேரவில்லை. அதன் காரணங்கள் சிக்கலானவை, தனியாகப் பேச வேண்டியவை. ஜூன் 28ஆம் தேதி புளியந்தோப்பில் அவர்களுடைய குடிசைகள் எரிக்கப்பட்டன. அங்கிருந்து வெளியேறியவர்களுக்கு வியாசர்பாடியில் முகாம் அமைக்கப்பட்டது. சென்னையின் நவீன வரலாற்றில் ஒரு சேரியே இடம்பெயர்க்கப்பட்ட சம்பவங்களில் ஆவணங்களில் தெளிவாகப் பதிவானது இது. வர்க்க ஒற்றுமை பற்றிய விவாதத்துக்கு எடுத்துக்காட்டாகவே இதைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறோம். நகர வரலாறாகவும் இதைப் பார்க்கலாம். தெருவில் ஒரு தகராறு வந்தால் ஊர் இருந்த இடத்தில் இருக்கும், சேரிதான் இடம் மாறும். கிராமத்தில் கற்ற பாடம் அது. ஆலையும் டிராமும் உள்ள நகரத்திலும் அது செல்லுபடியானது.

அதே காலத்தில் நகரத்தின் மறுபக்கத்தில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. பேட்ரிக் கெட்டிஸ் தம் நகர அமைப்புக் கண்காட்சியோடு சென்னைக்கு வந்துபோயிருந்தார். 1920இல் சென்னை நகரமைப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1923இல் மாம்பலத்தின் நீண்ட ஏரியை வடித்து, நீதிக்கட்சி ஆட்சி தியாகராய நகரை உருவாக்கத் தொடங்கியது. நடுவில் பனகல் பூங்கா, அதிலிருந்து பிரியும் அகன்ற சாலைகள், சாலைகளுக்கு நீதிக்கட்சித் தலைவர்களின் பெயர்கள். அக்காலத்துக்கு நல்ல வடிவமைப்பு என்பதில் எனக்கு ஐயமில்லை. பார்ப்பனரல்லாதார் அரசியல் தன் முகவரியை நகர வரைபடத்தில் எழுதிக்கொண்ட தருணம் அது. புளியந்தோப்பின் சாம்பலும் தியாகராய நகரின் மனைப்பிரிவுகளும் இரண்டு ஆண்டு இடைவெளியில் நடந்தவை. இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்து எழுதிய நகர வரலாறு எதையும் நான் படித்ததில்லை.

இந்தப் பின்னணியில்தான் 1924 தீர்மானத்தை வைத்துப் பார்க்க வேண்டும். புது நகரங்கள் அமைக்கச் சட்டம் வந்துவிட்டது, அவற்றில் அகலமான தெருக்கள் வரப்போகின்றன. அந்தத் தெருவில் யார் நடப்பார்கள் என்று ஒருவர் எழுந்து கேட்டார்.

சுதந்திரத்துக்குப் பிறகான கதையில் 1970ஐ நான் முக்கியமாகக் கருதுகிறேன். அந்த ஆண்டு குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பட்டது. மறு ஆண்டு அதற்கான சட்டம் வந்தது. சென்னையில் 1,202 குடிசைப் பகுதிகள் அடையாளம் காணப்பட்டன. வாரியத்தின் தொடக்ககாலக் கட்டடங்களைப் பற்றி இன்று குறை சொல்வது எளிது. ஒழுகும் கூரை, பெயர்ந்த படிக்கட்டு, ஒரு குடும்பம் புரண்டு படுக்கக் காணாத அறை. ஆனால் அந்தக் கட்டடங்கள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். கடற்கரையில் நொச்சிக்குப்பத்தில், நகரத்தின் நடுவே பல இடங்களில். குடிசை இருந்த இடத்திலேயே மாடி எழுந்தது. பிள்ளை அதே பள்ளிக்குப் போனது, அம்மா அதே வீடுகளுக்கு வேலைக்குப் போனாள். 1977இல் உலக வங்கிக் கடனோடு வந்த நகர மேம்பாட்டுத் திட்டத்திலும் இருக்கும் இடத்தையே சீர்படுத்தும் கூறு இருந்தது. அந்தத் தலைமுறை அரசியலின் பல குறைகளை நாம் எழுதியிருக்கிறோம், இனியும் எழுதுவோம். ஏழைக்கு நகரத்துக்குள்ளேயே இடமுண்டு என்ற எண்ணம் அதற்கு இருந்தது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

அந்த எண்ணம் எப்போது மாறியது? 1971 பட்டியலோடு 1985இல் 17 பகுதிகள் சேர்க்கப்பட்டன. அதன்பின் பல பத்தாண்டுகளுக்குப் புதிதாக எந்தப் பகுதியும் குடிசைப் பகுதியாக அறிவிக்கப்படவில்லை. நகரம் பெருத்தது, குடிசைகளும் பெருகின, பட்டியல் மட்டும் அப்படியே நின்றது. பட்டியலில் இல்லாத குடியிருப்புக்குச் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை. அது வெறும் ஆக்கிரமிப்பு. இந்த ஒரு நிர்வாக மௌனம் செய்த வேலையைப் பல புல்டோசர்கள் சேர்ந்தும் செய்திருக்க முடியாது. 2000இல் ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர் வந்தது. பிறகு செம்மஞ்சேரி. பிறகு பெரும்பாக்கத்தில் எட்டு அடுக்குக் கட்டடங்கள். 2015 வெள்ளத்துக்குப் பின் அடையாறு, கூவம் கரைகளில் இருந்தவர்கள் ஆயிரக்கணக்கில் அங்கே அனுப்பப்பட்டார்கள். வெள்ள ஆபத்து என்ற காரணம் பொய்யல்ல. ஆனால் அனுப்பிய இடம் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் ஓரம். மழைக்காலத்தில் அங்கே போய்ப் பாருங்கள், நான் விளக்க வேண்டியதில்லை.

குடிசைப் பகுதிகளில் இருப்பவர்கள் எல்லோரும் தலித்துகள் அல்ல. மீனவர்களும், இஸ்லாமியர்களும், பல சாதிகளைச் சேர்ந்த ஏழைகளும் இருக்கிறார்கள். ஆனால் இந்தக் குடியிருப்புகளுக்குள் நடந்துபோய்ப் பாருங்கள். எத்தனை கட்டடச் சுவர்களில் அம்பேத்கர் இருக்கிறார் என்று எண்ணிக்கொண்டே வாருங்கள். நகரத்தின் சேரிகள் எங்கே போயின என்பதற்கு அந்தச் சுவர்கள் பதில் சொல்லும்.

பெயர்களைப் பற்றி ஒன்று. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரைக்கு வந்ததும் முதலில் தங்குவது நகர மதிலுக்கு வெளியே உள்ள புறஞ்சேரியில். அந்தப் பெயரில் ஒரு காதையே உண்டு. கண்ணகிக்கு மெரினாவில் 1968இல் சிலை வைத்தோம். 2001இல் அது அகற்றப்பட்டபோது தமிழ்நாடே கொதித்தது. 2006இல் சிலை திரும்பி வந்தது. அந்தக் கொதிப்புக்கு ஓர் ஆண்டு முன்பிருந்தே, நகரத்திலிருந்து அகற்றப்பட்ட உயிருள்ள மனிதர்கள் அவள் பெயர் வைத்த புறஞ்சேரிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்று நம் இலக்கிய உலகில் எத்தனை பேர் எழுதினோம்?

இன்னொரு பெயர் சத்தியவாணி முத்து. அண்ணாவின் அமைச்சரவையில் இருந்தவர். 1974இல் தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகத்தைத் தொடங்கிய தலித் தலைவர். தீவுத்திடலுக்கு அருகே கூவம் கரையில் அவர் பெயரில் ஒரு நகர் இருந்தது. 2019 கடைசியில், பள்ளி ஆண்டின் நடுவில், அங்கிருந்த குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்குக் கொண்டுபோனார்கள். கூவத்தை அழகுபடுத்துவதற்காக.

பெரும்பாக்கத்தைப் பற்றி அதிகம் கவனிக்கப்படாத ஒரு செய்தி உண்டு. 2011இல் சென்னை மாநகராட்சி ஏறத்தாழ 175 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும் அதற்குள் வந்தன. பெரும்பாக்கம் வரவில்லை, ஊராட்சியாகவே தொடர்ந்தது. தலைமுறைகளாக மாநகராட்சிக் கவுன்சிலருக்கு ஓட்டுப் போட்டவர்கள், எட்டு மாடிக் கட்டடத்தில் குடியேறிய மறுநாள் ஒரு கிராம ஊராட்சியின் குடிகளானார்கள். கிராமத்தை விட்டு நகரத்துக்குப் போங்கள் என்பது அம்பேத்கர் நமக்குச் சொன்னவற்றுள் முக்கியமானது. கிராமம் அறியாமையின், குறுகிய மனத்தின் இருப்பிடம் என்று அரசியல் நிர்ணய சபையில் அவர் கடுமையாகப் பேசியதை அறிவீர்கள். நம் பாட்டன்மார் அப்படித்தான் செங்கல்பட்டிலிருந்தும் வட ஆர்க்காட்டிலிருந்தும் இங்கே வந்தார்கள். நகரம் அவர்களின் பேரப்பிள்ளைகளை மறுபடியும் ஓர் ஊராட்சிக்கு அனுப்பிவைத்திருக்கிறது.

அங்கே போனவர்கள் எல்லோரும் துயரத்தில் இருக்கிறார்கள் என்று சொன்னால் அதுவும் பொய்யாகும். தனிக் கழிப்பறை உள்ள வீடு கிடைத்ததே என்று சொன்ன பெண்களை நான் சந்தித்திருக்கிறேன். கூவம் கரை வாழ்க்கையைக் கவிதையாக்குவது அந்தக் கரையில் மழைக்கால இரவொன்றைக் கழிக்காதவர்களின் வேலை. வீடு வேண்டாம் என்று யாரும் கேட்கவில்லை. வீட்டுக்காக நகரத்தை விலையாகக் கொடுக்கச் சொன்னதைப் பற்றித்தான் கேட்கிறார்கள். வீட்டுவேலைக்கு மயிலாப்பூருக்கு நடந்துபோன பெண் இப்போது போக வர மூன்று மணி நேரம் செலவிடுகிறாள். 2021இல் சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று வந்த அறிவிப்பை ஒரு சலுகையாக மட்டும் பேசுகிறோம். என் கணிப்பில் அண்மைக்காலத்தில் சென்னையின் நகர அமைப்பில் நடந்த பெரிய திருத்தம் அது. எந்தக் கட்டடக்கலைஞரும் வரையாத திருத்தம்.

இனி, வடிவமைப்பு என்று நகர நிர்வாகங்கள் எதைச் சொல்கின்றன என்று பார்ப்போம். பாண்டி பஜாரில் 2013இல் நடைபாதை வியாபாரிகள் ஓர் அடுக்குக் கட்டடத்துக்குள் அனுப்பப்பட்டார்கள். 2019 நவம்பரில் அதே சாலையில் அகன்ற நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. உட்காரப் பலகைகள், குழந்தைகளுக்கு விளையாட்டுப் பொருள்கள், மாலையில் வெளிச்சம். நானும் போயிருக்கிறேன், நன்றாகவே இருக்கிறது. நம்மில் சிலர் இப்படிப்பட்டவற்றை மேட்டுக்குடி அலங்காரம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். நான் ஒதுக்க மாட்டேன். இந்த நகரத்தில் அதிகம் நடப்பவர்கள் கார் இல்லாதவர்கள். அகலமான நடைபாதை முதலில் அவர்களுக்குத்தான் வேண்டும். 2014இல் சென்னை மாநகராட்சி ஏற்ற கொள்கை, போக்குவரத்துக்கான நிதியில் 60 விழுக்காட்டை நடப்பவர்களுக்கும் மிதிவண்டிக்காரர்களுக்கும் செலவிட வேண்டும் என்றது. சீனிவாசன் உயிரோடு இருந்திருந்தால் அதை ஆதரித்துப் பேசியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். அடுத்த கேள்வியையும் கேட்டிருப்பார்: இந்தக் கல்லை வியாசர்பாடியில் எப்போது பதிக்கப்போகிறீர்கள்? அங்கே விற்றுக்கொண்டிருந்தவர்கள் எங்கே?

வியாசர்பாடி என்றதும் முல்லை நகர்த் திடல். 1921இன் அகதிகள் வந்து சேர்ந்த அதே வியாசர்பாடியில், எந்த நிபுணரின் வரைபடமும் இல்லாமல், கால்பந்து ஒரு பொது இடத்தை உருவாக்கியது. வெறுங்காலோடு ஆடத் தொடங்கிய பிள்ளைகள் மாநில, தேசிய அளவுக்குப் போனார்கள். திடல் இருந்தால் பிள்ளை கல்லூரிக்குப் போவான், வேலைக்குப் போவான். அந்தப் பகுதிப் பெற்றோர் இதை எனக்கு விளக்கியதுபோல் எந்த நகரவியல் நூலும் விளக்கியதில்லை. மாநகராட்சி அங்கே செயற்கைப் புல் போட்டது. பிறகு 2024 அக்டோபரில், நகரத்தின் ஒன்பது செயற்கைப் புல் திடல்களைத் தனியாரிடம் விடவும், ஆடுபவர் ஒருவரிடம் ஒரு மணி நேரத்துக்கு 120 ரூபாய் வாங்கவும் மாமன்றத்தில் தீர்மானம் நிறைவேறியது. எதிர்ப்பு வலுத்ததும் சில நாள்களில் கைவிடப்பட்டது. கைவிடப்பட்டதே என்று நிம்மதி கொள்ளலாம். ஆனால் இப்படிப்பட்ட ஒரு தீர்மானம் அவையில் முதல் நாள் எப்படி நிறைவேறியது என்பது என்னைத் தொந்தரவு செய்கிறது. அதைக் கொண்டுவந்தவர்கள் யாரும் சாதிவெறியர்கள் அல்ல. திடலைப் பராமரிக்க வேண்டும், செலவாகும், வசூலிப்போம் என்று யோசித்தார்கள், அவ்வளவுதான். ‘அதே அளவிலும் அதே முறையிலும்’ என்றால் அங்கே 120 ரூபாய் கொடுக்க முடிகிறவன் அளவிலும் முறையிலும் என்று ஆகிறது.

கண்ணகி நகரில் கதை வேறு மாதிரி. 2020 வாக்கில் அங்கே கட்டடங்களின் பக்கச் சுவர்களில் ஓவியர்கள் பிரம்மாண்டமான சித்திரங்கள் வரைந்தார்கள். படம் எடுக்க ஆட்கள் வந்தார்கள். வண்ணம் நல்லதுதான். 2025இல் ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய மகளிர் கபடி அணியில் அந்த நகரிலிருந்து ஒரு பெண் இருந்தாள். அந்தப் பிள்ளைகள் ஆட ஒழுங்கான களம் வேண்டும் என்ற பேச்சு தங்கம் வந்த பிறகே ஊடகங்களில் உரக்கக் கேட்டது. சுவருக்கு வண்ணம் முதலில் வந்தது, களம் பிறகு.

இப்போது ரிப்பன் கட்டட வாசலுக்குத் திரும்ப வேண்டும், அதாவது பழைய மக்கள் பூங்காவுக்கு. 2025 ஆகஸ்ட் 1ஆம் தேதி ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் தங்கள் வேலை தனியாருக்குப் போவதை எதிர்த்து அங்கே நடைபாதையில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலோர் பெண்கள், பெரும்பாலோர் நம் மக்கள். (திரு.வி.க. அந்த 1921 ஆலை வேலைநிறுத்தத்தில் தொழிலாளர் சங்கத்தின் தலைவர்களில் ஒருவர் என்பதை இங்கே சும்மா நினைவுபடுத்துகிறேன்.) பதின்மூன்று நாள்கள் உட்கார்ந்திருந்தார்கள். அனுமதியில்லாத இடத்தில், நடைபாதையில் போராடக் கூடாது என்று நீதிமன்றம் சொன்னது. 13ஆம் தேதி நள்ளிரவில் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது. நடைபாதை பொதுமக்களுக்கானது என்பது வாதம். அந்த வாதத்தை நான் கேலி செய்யவில்லை. 1924 தீர்மானமும் அதைத்தான் சொன்னது. ஆனால் அந்த நடைபாதையை நாள்தோறும் விடியுமுன் பெருக்கி, பொதுமக்கள் நடக்கும்படி ஆக்குகிறவர்கள், அதில் உட்கார்ந்த கணத்தில் பொதுமக்கள் அல்லாதவர்களாக ஆகிப்போனார்கள். பொதுக் காரியங்கள் நடக்கும் கட்டடங்கள் என்று சீனிவாசன் குறிப்பிட்டாரே, அப்படி ஒரு கட்டடத்தின் வாசலில்.

இதையெல்லாம் இப்போது பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. 2022இல் சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக அறிவிக்கப்பட்டது. 1975இன் முதல் பெருந்திட்டம், 2008இன் இரண்டாவது பெருந்திட்டம் ஆகியவற்றுக்குப் பிறகு மூன்றாவது பெருந்திட்ட வேலை நடக்கிறது. புதிதாக உள்ளே வரும் நிலத்தில் பெரும்பகுதி பழைய செங்கல்பட்டு மாவட்டம். டிரெமென்கீர் தம் அறிக்கையை எழுதியது இந்த மாவட்டத்துப் பறையர்களைப் பற்றித்தான். பஞ்சமி நிலம் என்று இன்று சொல்கிறோமே, 1892இல் அது பிறந்ததற்குக் காரணம் அந்த அறிக்கை. 1994இல் காரணையின் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடியவர்கள்மீது துப்பாக்கிச்சூடு நடந்து இருவர் இறந்ததும் இதே மாவட்டத்தில். இந்த நிலங்களுக்கு மேல்தான் அடுத்த இருபது ஆண்டுகளின் சாலைகளும் மனைப்பிரிவுகளும் பூங்காக்களும் வரையப்படப்போகின்றன. வரைபடத்தில் ஏரி இருக்கும், மேய்ச்சல் நிலம் இருக்கும், நத்தம் இருக்கும். பஞ்சமி நிலம் எந்த வண்ணத்தில் இருக்கும்? சேரிக்கும் சுடுகாட்டுக்கும் இடையிலுள்ள பாதை எந்த வண்ணத்தில் இருக்கும்? பெருந்திட்டத்துக்கு மக்கள் கருத்துக் கேட்பார்கள், குறிப்பிட்ட நாள்களுக்குள் எழுதித் தர வேண்டும். கோயில் நுழைவுக்கும் சிலைக்கும் சுடுகாட்டுப் பாதைக்கும் மனு எழுதிப் பழகிய நம் அமைப்புகளில், பெருந்திட்டத்துக்கு ஆட்சேபம் எழுதிய அமைப்புகள் எத்தனை? நான் விசாரித்தவரை கைவிரல்கள் மிச்சம். இந்த அரங்கில் நிலப்பதிவேடு படிக்கத் தெரிந்த வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள், கிராம நிர்வாக அலுவலர்களாக இருந்து ஓய்வு பெற்றவர்கள் இருக்கிறார்கள். உங்களிடம்தான் இதைச் சொல்கிறேன்.

சென்ற ஆண்டு பெரும்பாக்கத்தில் ஒரு மாலை. வெயில் தாழ்ந்ததும் பெண்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கீழே கொண்டுவந்து கட்டடங்களுக்கு இடையில் போட்டார்கள். அங்கே பலகையும் கிடையாது, மரமும் கிடையாது. இரண்டு கட்டடங்களின் நிழல் சேரும் இடம்தான் அவர்களுக்குத் திண்ணை. சத்தியவாணி முத்து நகரிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். சென்ட்ரலில் மூட்டை தூக்கியவர், இன்னும் தூக்குகிறவர்.

“முன்னல்லாம் ஸ்டேஷனுக்கு நடந்தே போயிடுவேன் தம்பி. பத்து நிமிஷம்.”

“இப்ப எப்படிப் போறீங்க பெரியவரே?”

“முதல் பஸ்ஸ உட்டா வேலை போச்சி. நாலு மணிக்கே கீழ வந்து குந்திக்கினு இருப்பேன்.”